மொழி ஆதரவில் புதியவர்கள் செய்யும் தவறுகள்

சர்வதேசப் பள்ளிகளில், வீட்டில் வேறு மொழி பேசும் பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தில் கைகொடுக்கும் ஆங்கில ஆதரவுப் பிரிவுக்குப் புதிதாக வரும் ஆசிரியர்கள், எங்கள் தலைமுறை விழுந்த அதே குழிகளில் ஆண்டுதோறும் விழுகிறார்கள். பெயரைத் தவறாக உச்சரிப்பது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவை போகப்போகச் சரியாகிவிடும்.

பேச்சைப் பார்த்து ஆதரவை நிறுத்துவது

இன்றும் எனக்கு எரிச்சலூட்டுவது இதுதான். மைதானத்தில் பிள்ளை சரளமாகப் பேசுகிறது. உடனே, 'இனி ஆதரவு வகுப்பு வேண்டாம்' என்று கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். அன்றாடப் பேச்சுமொழி வேறு, பாடமொழி வேறு என்று கல்வியாளர் ஜிம் கம்மின்ஸ் 1979-இலேயே பிரித்துக் காட்டினார். முன்னது ஏறக்குறைய 2 ஆண்டுகளில் கைவரும். பின்னதில் சக மாணவர்களை எட்டிப்பிடிக்க 5 முதல் 7 ஆண்டுகள், சிலருக்கு அதற்கும் மேல் ஆகும்.

ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தி, வயிறு குலுங்கச் சிரிக்கும்படி கதை சொல்வாள். ஆதரவை நிறுத்தினார்கள். அறிவியல் தேர்வில் 'விளக்குக', 'ஒப்பிடுக' என்று தொடங்கிய கேள்விகளுக்கெல்லாம் வெற்றிடம். ஆசிரியர் 'சோம்பல்' என்று எழுதினார். பிறகு தேர்வு நாள்களில் வயிற்றுவலி, செவிலியர் அறை, அங்கிருந்து ஆலோசகர். ஆதரவு நின்றுபோன செய்தியே ஆலோசகரின் கோப்பில் இல்லை. 'பதற்றம்' என்று குறித்துக்கொண்டு மூச்சுப்பயிற்சி கற்றுக்கொடுத்தார்! பாவம், அவரைச் சொல்லியும் பயனில்லை.

நிறுத்துவதற்கு முன், பாடப்புத்தகப் பத்தி ஒன்றைப் படித்துத் தன் சொற்களில் எழுதச் சொல்லுங்கள். நிறுத்திய பின்னும் ஓராண்டாவது மதிப்பெண்ணைக் கவனியுங்கள். நிறுத்திய தேதியை ஆலோசகருக்கும் தெரிவியுங்கள்.

மௌனத்தைக் கண்டு பதறுவது

புதிய மொழிக்குள் வரும் குழந்தை சில மாதங்கள்கூடப் பேசாமல் கேட்டுக்கொண்டே இருக்கலாம். வற்புறுத்தாதீர்கள். ஆனால், தன் மொழி பேசும் தோழனிடமும் பள்ளியில் வாய் திறப்பதில்லை என்றால், காத்திருக்காமல் ஆலோசகரிடம் சொல்லுங்கள்.

'வீட்டிலும் ஆங்கிலமே பேசுங்கள்' என்பது

பெற்றோரிடம் இதைச் சொல்லவே சொல்லாதீர்கள்.

மாணவனையே மொழிபெயர்க்க வைப்பது

பெற்றோர் சந்திப்பில் தன்னைப் பற்றிய புகாரைத் தானே மொழிபெயர்க்கும் பிள்ளை எதைச் சொல்லும், எதை விழுங்கும்? பெரியவர் ஒருவரை ஏற்பாடு செய்யுங்கள்.

ஓவிய வகுப்பைப் பறிப்பது

ஆதரவு வகுப்புக்கு நேரம் கிடைக்கவில்லை என்றதும் எல்லோரும் கைவைப்பது ஓவியத்திலும் விளையாட்டிலும்தான். மொழி தடுக்காமல் அந்தப் பிள்ளை மற்றவர்களுக்கு ஈடாக நிற்பது அந்த இரண்டில் மட்டுமே. கால அட்டவணை போடுபவரிடம் சண்டை பிடித்தாவது வேறு நேரம் வாங்குங்கள்.