முதல் ஆல்பம்: டிரம்ஸ் பதிவுக்குப் பாடகரையும் அழைத்து வாருங்கள்

போன மாதம் ஒரு ராக் குழு தங்கள் முதல் ஆல்பத்தைப் பதிவு செய்ய எங்கள் ஸ்டூடியோவுக்கு வந்தது. ஐந்து பேர் குழுவில் நால்வர்தான் வந்திருந்தார்கள். ஒன்பது தமிழ்ப் பாடல்கள். டிரம்ஸ் முழுவதையும் அன்றைக்கே முடித்துவிட வேண்டும் என்பது திட்டம். பாடகர் எங்கே என்று கேட்டேன். "இன்றைக்கு அவனுக்கு வேலை இல்லையே அண்ணா, அடுத்த வாரம் வருவான்" என்றார்கள்.

2011-இல் எங்கள் குழு செய்ததும் இதேதான். எங்கள் பாடகரும் அன்றைக்கு வீட்டில்தான் இருந்தார். அதற்குப் பிறகு எத்தனையோ குழுக்கள் இதே பள்ளத்தில் விழுவதைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்துவிட்டேன். கிட்டாரைச் சுருதி சேருங்கள், ஒத்திகை பாருங்கள், பதிவுகளை இரண்டு இடத்தில் சேமியுங்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன். முதல் ஆல்பத்தில் குழுக்கள் செய்யும் மற்ற தவறுகளை மட்டும் கீழே சொல்கிறேன்.

பாடகர் இல்லாமல் டெம்போவை (பாட்டின் வேகத்தை) முடிவு செய்வது

நான் எங்கள் குழுவில் பேஸ் கிட்டார் வாசித்தேன். முதல் பாடலுக்கு டிரம்மர் கிளிக்கை, அதாவது வேகம் காட்டக் காதில் ஒலிக்கும் தட்டொலியை, நிமிடத்துக்கு 152 என்று வைத்தார். கல்லூரி விழா மேடைகளில் அந்த வேகத்தில்தான் வாசித்து வந்தோம். மேடையில் கூட்டத்தின் ஆரவாரம் கையை விரட்டும். சொல் தெளிவாகக் கேட்கிறதா என்று அங்கே யாரும் கவனிப்பதில்லை. ஒன்பது பாடல்களுக்கும் டிரம்ஸ் இரவு ஒன்பது மணிக்குள் முடிந்துவிட்டது. அடுத்த வாரம் கிட்டார், அதற்கடுத்து பேஸ். மூன்றாவது வாரம்தான் பாடகர் மைக் முன்னால் நின்றார்.

முதல் வரியின் முடிவிலேயே அவருக்கு மூச்சு போதவில்லை. இரண்டாவது டேக், ஐந்தாவது டேக், பத்தாவது டேக். மூச்சைச் சமாளித்துப் பாடியபோது வேறொரு கோளாறு ஹெட்ஃபோனில் தெரிந்தது. "காலம்" என்று எழுதியிருந்தோம். "கலம்" என்று கேட்டது. "ஓடும்" என்பதில் ஓகாரம் ஒகரமாகச் சுருங்கியிருந்தது. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு மாத்திரை என்று பள்ளியில் படித்ததை அன்றுதான் காதால் கேட்டேன். ஆங்கிலப் பாட்டில் உயிரோசையைக் கொஞ்சம் நீட்டினாலும் குறைத்தாலும் பெரும்பாலும் சொல் அதே சொல்லாக இருக்கும். தமிழில் நெடில் குறுகினால் பொருளே மாறிவிடும்.

கணக்கைப் பாருங்கள். 152-இல் நான்கு தாள அடிகள் கொண்ட ஒரு சுற்று ஓட 1.58 வினாடி ஆகிறது. 140-இல் அதுவே 1.71 வினாடி. இரண்டு சுற்றில் முடியும் ஒரு வரிக்கு இரண்டுக்கும் வித்தியாசம் ஏறக்குறைய கால் வினாடி. கிட்டார் வாசிப்பவருக்கு அது ஒன்றுமில்லை. பாடகருக்கு அதுதான் வரிக்கும் வரிக்கும் இடையில் மூச்சு வாங்கும் நேரம். வரிக்குள் இரண்டு நெடில்கள் நிமிர்ந்து நிற்கும் இடம்.

டிரம்ஸைக் கணினியில் இழுத்து நீட்டிவிடலாம் என்று அன்று எங்களுக்கு ஆலோசனை கிடைத்தது. செய்தும் பார்த்தோம். 152-இலிருந்து 140-க்கு வரவேண்டுமானால் ஒவ்வொரு ஓசையும் ஏறத்தாழ 9 சதவீதம் நீளவேண்டும். ஒற்றைக் குரலாக இருந்தால் ஒருவாறு தாங்கும். டிரம்ஸ் பத்து மைக்குகளில் பதிவானது. ஸ்னேர் என்ற கூர்மையாக ஒலிக்கும் டிரம்மின் ஒரே அடி பத்திலும் ஒலிக்கிறது. நீட்டிய பிறகு சிம்பல் தட்டின் ஓசை வால் துண்டு துண்டாக நடுங்கியது, ஸ்னேர் முனை மழுங்கியது. மறுபடி வாசிப்பதைத் தவிர வழியில்லை. அதற்குள் டிரம்மர் வேலை கிடைத்துப் பெங்களூருக்குப் போயிருந்தார். அவர் வந்துபோக இரண்டு வார இறுதிகள், ஸ்டூடியோ வாடகை மறுபடி, டிரம்ஸ் மாறியதால் கிட்டாரும் பேஸும் மறுபடி. சிடி அச்சடிக்க ஒதுக்கிய பணம் அதிலேயே கரைந்தது. ஆறு பாடல்களைத்தான் மீட்க முடிந்தது. மீதி மூன்றும் பழைய வேகத்திலேயே ஆல்பத்தில் இருக்கின்றன. அவற்றை இன்றைக்கும் என்னால் முழுதாகக் கேட்க முடிவதில்லை. எங்களில் யாருக்கும் திறமைக் குறைவு இல்லை. பாட்டுக்கு அரை மணி நேரம் பாடகரோடு உட்காராமல் போனோம், அவ்வளவுதான். அதனால்தான் இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் கோபம் ஆறவில்லை.

இதைச் சொன்னால் உடனே பீட்டில்ஸ் கதையை எடுத்துக்கொண்டு வருகிறார்கள்: அவர்கள் ஒரே நாளில் முடிக்கவில்லையா? உண்மைதான். முதல் ஆல்பத்தின் பத்துப் பாடல்களை 1963 பிப்ரவரி 11 அன்று லண்டன் அபே ரோடு ஸ்டூடியோவில் பதிவு செய்தார்கள். பிளாக் சபாத் என்ற பிரிட்டிஷ் ராக் குழு 1969 அக்டோபரில் தங்கள் முதல் ஆல்பத்தை ஒரே நாளில் வாசித்து முடித்தது. ஆனால் இரண்டு இடத்திலும் பாடகர் எங்கே இருந்தார் என்று பாருங்கள். பீட்டில்ஸின் ஜான் லெனன் ஜலதோஷத்தோடு குழுவின் நடுவில் நின்று பாடிக்கொண்டிருந்தார். தொண்டை கிழியும் பாட்டை அன்றைய கடைசிப் பாட்டாக வைத்துக்கொண்டார்கள். பிளாக் சபாத் வாசிக்கும்போதே அதன் பாடகர் ஆஸி ஆஸ்போர்ன் பக்கத்துத் தடுப்பறையிலிருந்து பாடினார். குரல் போகும் வேகத்தில் டிரம்ஸ் போனது. அதற்கு முன்னால் இரண்டு குழுவும் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகர விடுதி மேடைகளில் ஒரே இரவில் பலமுறை மேடையேறிப் பழகியவை. ஒரு நாள் என்பதை மட்டும் அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டால் எப்படி?

நான் இப்போது செய்யச் சொல்வது இது. பாடகர் நாற்காலியில் உட்காரட்டும். ஒரே ஒரு கிட்டார்; கிளிக் வேண்டாம். பாட்டை முழுதாகப் பாடிக் கைபேசியில் பதிந்துகொள்ளுங்கள். வெவ்வேறு மூன்று நாட்களில் இதைச் செய்து ஒவ்வொன்றின் வேகத்தையும் எண்ணிப் பாருங்கள். பிறகு எழுத்துகள் அதிகம் நெருங்கியிருக்கும் வரியைத் தனியே எடுத்து, வேகத்தை இரண்டிரண்டாக ஏற்றிப் பாடச் சொல்லுங்கள். எந்த இடத்தில் நெடில் குறுகத் தொடங்குகிறதோ அதற்கு ஒரு படி கீழே நில்லுங்கள். பல்லவி கொஞ்சம் வேகமாக ஓடவேண்டும் என்றால் அங்கே மட்டும் கிளிக்கை இரண்டோ மூன்றோ கூட்டலாம். பாட்டு முழுக்க ஒரே எண் இருக்கவேண்டும் என்று கட்டாயமில்லை. கடைசியாக, அந்தக் கிளிக்கோடு ஒரு வழிகாட்டிக் குரலைப் பதியுங்கள். டிரம்மர் அந்தக் குரலைக் காதில் கேட்டுக்கொண்டே வாசிக்கட்டும்.

போன மாதம் வந்தவர்களின் பாடகரை அன்று மதியமே வரவழைத்தோம். 156 என்று அவர்கள் எழுதி வைத்திருந்த பாட்டு 144-இல் வந்து நின்றது. வேகம் போய்விட்டதே என்று டிரம்மருக்கு வருத்தம். பதிந்ததைப் போட்டுக் காட்டினேன். இரண்டு அடிகளுக்கு நடுவே இடம் கிடைத்ததால் காலால் மிதித்து அடிக்கும் கிக் டிரம்மின் அடிவயிற்று ஓசை முழுதாக இறங்கியது. ஸ்னேர் அடித்த பிறகு அறை அதிர்வது கேட்டது. மறுபடி போடச் சொல்லி அவரே கேட்டார்.

பழைய டிரம் தோல்

நடுவில் குழி விழுந்த ஸ்னேர் தோலோடு வராதீர்கள்.

கிட்டாரில் அளவுக்கு மீறிய டிஸ்டார்ஷன்

டிஸ்டார்ஷனை, அதாவது கிட்டார் ஓசையின் கரகரப்பை, மேடையில் வைப்பதில் பாதி வையுங்கள். ஒரே ரிஃபை (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் வரியை) இடப்பக்கம் ஒருமுறை, வலப்பக்கம் ஒருமுறை தனித்தனியாக வாசித்து அடுக்கும்போது கனம் தானாக வந்துவிடும். ஆம்ப்ளிஃபையருக்குப் போகும் முன் கிட்டாரின் வெறும் ஓசையைத் தனி டிராக்கில் வாங்கி வைத்துக்கொண்டால், பிடிக்காத ஓசையைப் பின்னால் மாற்றிக்கொள்ளலாம்.

பன்னிரண்டு பாடல் இருந்தால்தான் ஆல்பம் என்பது

பிரிட்டிஷ் ராக் குழுவான லெட் செப்பலினின் முதல் ஆல்பத்தில் ஒன்பது பாடல்கள்தான்.

மாஸ்டரிங்கில் சத்தத்தைக் கூட்டச் சொல்வது

மாஸ்டரிங் என்பது வெளியிடும் முன் ஒலியைக் கடைசியாகச் சீராக்கும் வேலை. அதில் சத்தத்தைக் கூட்டும்படி கேட்காதீர்கள். ஸ்பாட்டிஃபை வழக்கமாக எல்லாப் பாடல்களையும் ஏறக்குறைய மைனஸ் 14 லஃப்ஸ் (சத்தத்தின் உரப்பை அளக்கும் அலகு) என்ற ஒரே அளவுக்குக் கொண்டுவந்துதான் ஒலிக்கிறது. நீங்கள் கூட்டியதை அது குறைத்துவிடும். நசுங்கிய டிரம்ஸ் நசுங்கியபடியே இருக்கும்.

பாட்டு யாருடையது என்று எழுதி வைக்காதது

நண்பர்கள்தானே என்று இதைத் தள்ளிப்போடுகிறார்கள். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-இன்படி வரிகள் எழுதியவர் வரிகளுக்கும், இசையமைத்தவர் இசைக்கும் முதல் உரிமையாளர். குழுவுக்கு வெளியே உள்ள நண்பர் ஒருவர் வரிகள் எழுதித் தந்தால், "எடுத்துக்கொள்" என்று அவர் வாயால் சொன்னது உரிமை மாற்றம் ஆகாது. அவர் கையெழுத்திட்ட ஆவணம் வேண்டும். அதில் காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், நிலப்பரப்பு குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். ஆல்பமோ முதல் நாளே உலகம் முழுக்க உள்ள தளங்களுக்குப் போகிறது. எனவே காலத்தையும் நாடுகளையும் தெளிவாக எழுதுங்கள். குழுவுக்குள் யாருக்கு எத்தனை பங்கு என்பதையும் பாடல்வாரியாக எழுதிக்கொள்ளுங்கள். ஒன்பது பாடலுக்கு ஒரு தாள் போதும். போன மாதம் வந்த குழுவின் ஐவரும் பாடகர் வந்து சேர்ந்த அன்று மாலையே, இரண்டாவது பாட்டுக்கு மைக்குகளைச் சரிசெய்துகொண்டிருந்த இடைவெளியில், என் மேசையிலேயே எழுதிக் கையெழுத்திட்டார்கள்.