பூட்டிக் கிடந்த வீட்டில் குழாயைத் திறக்கும்போது

முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்கோ கல்யாணத்துக்கோ செட்டிநாட்டு ஊர் வீட்டைத் திறக்கிறோம். எட்டு மாதம் பூட்டிக் கிடந்த வீடு. இரண்டாங்கட்டில், அதாவது இரண்டாவது முற்றத்துப் பகுதியில், குழாயைத் திருகினால் முதலில் கர்ரென்று காற்று, அப்புறம் டீ டிகாஷன் நிறத்தில் கொஞ்சம் தண்ணீர், அதுவும் நூலாக. "பைப்பெல்லாம் போச்சு, மாத்திடணும்" என்று யாராவது ஒருவர் சொல்வார். எங்கள் வீட்டில் அப்படிச் சொன்னது நான்தான். பிளம்பர் வந்து சுவரை உடைத்தார். உள்ளே பைப் நன்றாகவே இருந்தது. அடைத்திருந்தது குழாய் வாயில் இருக்கும் சல்லடை. உடைத்த இடத்தில் அவசரத்துக்குச் சிமென்ட் பூசினோம். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உள்வாங்கி வெளியே விடும், சிமென்ட் விடாது. இப்போது அந்தத் திட்டைச் சுற்றி உப்புப் பூத்து, பழைய பூச்சு உதிர்கிறது. ஆச்சி அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் என்னை ஒரு பார்வை பார்ப்பார்.

சுவரில் உளி வைக்கும் முன் கேட்க வேண்டியது ஒன்றுதான்: தண்ணீர் குறைவது ஒரு குழாயிலா, எல்லாக் குழாயிலுமா? ஒன்றில் மட்டும் என்றால் சல்லடையைக் கழற்றி, எலுமிச்சைச் சாறிலோ வினிகரிலோ ஒரு ராத்திரி ஊறவைத்துப் பழைய பல்துலக்கியால் தேய்த்தால் போதும். எல்லாவற்றிலும் என்றால் தொட்டியடிக்குப் போய் கேட் வால்வு (பைப்பில் தண்ணீரைத் திறந்து மூடும் திருகு) முழுதாகத் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். தொட்டி ஒருமுறை முழுதும் வற்றியிருந்தால் குழாய் மேடேறி இறங்கும் இடத்தில் காற்று அடைத்துக்கொள்ளும். தொட்டியை நிரப்பி, வீட்டிலேயே தாழ்வான குழாயை முழுதாகத் திறந்து, காற்று இரைந்து வெளியேறும்வரை ஓடவிட வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. தொட்டியில் தண்ணீர் பத்து மீட்டர் உயரத்தில் இருந்தால்தான் கீழே சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ அழுத்தம் கிடைக்கும். ஓட்டுக்கூரை வீட்டில் தொட்டியைக் குளியலறை மேலேயே ஐந்தடி உயரத்தில் வைத்துவிட்டு, பெரிய தட்டு ஷவர் வாங்கி மாட்டினால் அது சொட்டத்தான் செய்யும். பிளம்பரைத் திட்டிப் பயனில்லை.

நிறத்துக்கு வருவோம். முதலில் செம்பழுப்பாக வந்து, பத்து நிமிடத்தில் தெளிந்துவிட்டால் அது பழைய ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாயில் தேங்கிய நீரில் ஊறிய துரு. பிடிக்கும்போது தெளிவாக இருந்து, வாளியில் ஒரு மணி நேரம் நின்றபின் மஞ்சளாக மாறினால் கதை வேறு. போர் தண்ணீரில் கரைந்திருக்கும் இரும்பு காற்றுப் பட்டதும் நிறம் மாறுகிறது. மோட்டார் வாயிலேயே ஒரு வாளி பிடித்து வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். இதற்குக் குழாயை மாற்றினால் பணம்தான் கரையும்.

நம் பக்கத்தில் நான் அதிகம் பார்க்கும் தவறு ஆசிட். போர் தண்ணீரின் கடினத்தன்மையால், அதாவது அதில் கரைந்த கால்சியம், மெக்னீசிய உப்புகளால், குழாயிலும் தரையிலும் வெள்ளைப் படிவு ஏறும். கடையில் ஒரு பாட்டில் ஆசிட் வாங்கி ஊற்றித் தேய்க்கிறார்கள். நம் வீட்டுத் தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் சிமென்டில் செய்வது. ஆசிட் பட்டால் பொங்கும், பளபளப்பும் பூவேலையின் நிறமும் போகும். சுண்ணாம்புப் பூச்சுக்கும் அதே கதிதான். குழாயின் உலோகத்தில் மட்டும் எலுமிச்சை தடவி, சற்று நேரத்தில் கழுவிவிடுங்கள். தரைக்குத் தண்ணீரும் துணியும் போதும்.

படிகாரம் போட்டால் உப்பு போகும் என்பதும் தவறு. படிகாரம் கலங்கலைத்தான் கீழே இறக்கும். கொதிக்கவைத்தால் கடினத்தன்மையில் ஒரு பகுதி மட்டும் பாத்திர அடியில் படியும். இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு தண்ணீர் இல்லாத இடத்தில் 600 வரை ஏற்கலாம். முற்றத்துக் கூரையில் வழியும் மழைநீரை அண்டாவில் பிடித்துவைத்துப் பருப்பு வேகவைத்த ஆச்சிமாருக்கு இந்தக் கணக்கு தெரியாது. கடினநீரில் பருப்பு வேகாது என்பது மட்டும் நன்றாகத் தெரியும்.

சொட்டும் குழாயை இறுக்கி இறுக்கி மூடுவது எல்லா வீட்டிலும் நடப்பது. பழைய பித்தளைக் குழாயில் அது வாஷரை நசுக்கும், வாஷர் உட்காரும் இடத்தையும் தேய்க்கும். வாஷர் விலை சில ரூபாய்தான். அந்தக் கனமான பித்தளைக் குழாயைக் கழற்றிப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடாதீர்கள். கால் சுற்றுத் திருகலில் திறக்கும் புதுக் குழாய்களில் வாஷருக்குப் பதில் பீங்கான் தட்டு இருக்கும், பலம் காட்டினால் உடையும்.

சொட்டு எங்கும் தெரியவில்லை, ஆனால் மோட்டார் அடிக்கடி ஓடுகிறதா? ராத்திரி தொட்டி வால்வை மூடி, நீர்மட்டத்தைக் குச்சியால் அளந்து வையுங்கள். காலையில் மட்டம் இறங்கியிருந்தால் ஒழுகுவது தொட்டி. இறங்காவிட்டால் மறுநாள் ராத்திரி வால்வைத் திறந்துவைத்து, யாரும் தண்ணீர் எடுக்காமல் அளங்கள். அப்போது இறங்கினால் குழாயிலோ கழிப்பறை ஃப்ளஷ் தொட்டியிலோ கசிவு.

பூட்டிய வீட்டு நாற்றத்துக்குச் செப்டிக் டேங்க்கைக் குற்றம் சொல்வார்கள். பெரும்பாலும் குளியலறைத் தரையில் உள்ள நஹானி ட்ராப்பில் (தண்ணீர் வடியும் வாயின் கிண்ணம்) தண்ணீர் வற்றியிருக்கும். அந்தத் தண்ணீர்தான் காற்றையும் கரப்பானையும் தடுக்கும் பூட்டு. ஒவ்வொன்றிலும் ஒரு வாளி ஊற்றிவிட்டு அரை மணி பொறுங்கள்.

தேங்கிக் கிடந்த தொட்டித் தண்ணீரைச் சமையலுக்கு எடுக்க வேண்டாம். வடித்து, தேய்த்துக் கழுவி, புதிதாக நிரப்பி, ஆயிரம் லிட்டருக்கு இரண்டரை கிராம் நல்ல பிளீச்சிங் பவுடரைத் தனியாகக் கரைத்துத் தெளிந்த நீரை மட்டும் ஊற்றி, ஒரு மணி நேரம் விடுங்கள்.

வீட்டைப் பூட்டிக் கிளம்பும்போது தொட்டி வால்வை மூடி, குழாய்களைத் திறந்து வடியவிட்டுப் பிறகு மூடுகிறோம். ட்ராப்புகளில் தண்ணீர் ஊற்றி மேலே இரண்டு கரண்டி எண்ணெய் விட்டால் சீக்கிரம் வற்றாது. சாவியைக் கொடுக்கும்போது, வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அண்ணனை மாடிக்குக் கூட்டிப்போய் எந்த வால்வு எதற்கு என்று காட்டி, அவர் கையாலேயே ஒருமுறை திருகச் சொல்கிறேன். போன தடவை ஒன்று இறுகிப்போய்த் திரும்பவே இல்லை.