பழவேற்காடு ஏரியின் வரலாற்றைக் கேட்டு எழுதுவது எப்படி?

ஏரிக்கு அருகிலுள்ள தடா என்ற ஊரில் வாழும் நான், எழுத வருபவர்களிடம் சொல்வது இது: 1613-இல் டச்சுக்காரர்கள் கட்டிய கோட்டையிலிருந்து தொடங்காதீர்கள். ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்திலிருந்து தொடங்குங்கள். அங்கே மணல் அடைத்தால் கடல்நீர் வரத்து நிற்கும். கோடையில் ஏரியில் உப்பு ஏறும். இறால் குஞ்சுகள் உள்ளே வர வழியிருக்காது. எப்போது அடைத்தது, யார் வெட்டித் திறந்தார்கள் என்று மீனவப் பெரியவர்களிடம் கேளுங்கள். ஆண்டு நினைவில்லையென்றால், அது எந்தப் புயலுக்கு முன், யார் கல்யாணத்துக்குப் பின் என்று கேட்டுக் கணக்கிடுங்கள்.

பிறகு பாடு முறை: எந்த ஊருக்கு, எந்த நாளில், எங்கே வலைபோடும் உரிமை என்பதை வரைபடத்திலேயே குறியுங்கள். கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். கடைசியாக, ஏரியின் குறுக்கே செல்லும் ஸ்ரீஹரிகோட்டா சாலையின் இருபுறத்து ஊர்களிலும் நீரோட்டம் பற்றித் தனித்தனியே விசாரியுங்கள்.