வெளிநாட்டு டீச்சர் வேலை: ஏஜென்ட்ட நம்புறதுக்கு முன்னாடி

ஜனவரி பொறந்தா எனக்கு போன் வர ஆரம்பிச்சிடும். அமீரகத்துல நம்ம சிபிஎஸ்இ ஸ்கூல்களுக்கு ஏப்ரல்ல தான் புது வருஷம், அதனால ஆளெடுக்கிறது மார்ச் வரைக்கும் மும்முரமா நடக்கும். "அக்கா, துபாய்ல மேத்ஸ் டீச்சர் போஸ்ட்டாம், ஏஜென்ட் ரொம்ப தன்மையா பேசுறாரு, போலாமா?" பி.எட் முடிச்சிட்டு இங்க பிரைவேட் ஸ்கூல்ல சொற்ப சம்பளத்துக்கு நாள் பூரா தொண்டை வறள நிக்கிற பொண்ணுங்க தான் முக்காவாசி. நான் ஷார்ஜால டீச்சரா இருந்துட்டு வந்தவங்கிறதால கேக்குறாங்க. எங்க செட்டு எதுல எல்லாம் ஏமாந்துச்சோ அதுலயே இவங்களும் போய் விழறத பாத்தா மனசு கேக்கல, அதான் எழுதுறேன். பத்து லட்சம் சம்பளம்னு வர்ற மெசேஜ், தப்புத்தப்பா எழுதின மெயில் இதெல்லாம் உங்களுக்கே தெரியும், விட்டுடறேன்.

லைசென்ஸ் நம்பர பாத்ததும் நிம்மதியாகுறது

1983 எமிகிரேஷன் சட்டப்படி வெளிநாட்டுக்கு ஆளெடுக்கிற ஏஜென்ட் வெளியுறவு அமைச்சகத்துல பதிவு பண்ணிருக்கணும். இது எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு, அதனால போஸ்டர்லயே நம்பர் போட்டு அடிக்கிறாங்க. அந்த நம்பர் வேற யாரோடதாவும் இருக்கலாம். வெளியுறவு அமைச்சகத்தோட இ-மைக்ரேட் சைட்ல போய் அந்த ஏஜென்சி பேர தேடுங்க, பதிவு இன்னும் நடப்புல இருக்கான்னு பாருங்க, அங்க போட்டிருக்கிற போன் நம்பருக்கு நீங்களே கூப்பிட்டு "இந்த வேலைக்கு நீங்க தான் ஆளெடுக்கிறீங்களா, இன்னார் உங்க ஆளா"ன்னு கேளுங்க. போஸ்டர்ல இருக்கிற நம்பருக்கு கூப்பிட்டு கேட்டா அவரே எடுத்து ஆமாம்னு தான் சொல்லுவாரு.

இன்னொன்னு, "உங்களுது ஈசிஎன்ஆர் பாஸ்போர்ட், அதனால இதெல்லாம் தேவையில்ல"ம்பாங்க. ஈசிஎன்ஆர்னா வேலைக்கு வெளிநாடு போக அரசோட எமிகிரேஷன் கிளியரன்ஸ் வாங்க தேவையில்லாத பாஸ்போர்ட். கிளியரன்ஸ் தேவையில்லாதது உங்களுக்கு. லைசென்ஸ் அவருக்கு கட்டாயம் வேணும்.

"விசிட் விசால வாங்க, அங்க வந்து மாத்திக்கலாம்"

இத கேக்கும்போதெல்லாம் எனக்கு இன்னைக்கும் கோவம் வருது. கோவில்பட்டி பக்கத்து பொண்ணு ஒருத்தி, ஃபிசிக்ஸ், நல்லா படிச்சவ. ஆஃபர் லெட்டர்னு ஒரு பேப்பர், 60 நாள் விசிட் விசா, ஏர்போர்ட்ல கேட்டா அண்ணன பாக்க போறேன்னு சொல்லுன்னு ஏஜென்ட் மனப்பாடம் பண்ண வச்சு அனுப்பிருக்காரு, இவளுக்கு அங்க அண்ணனே கிடையாது. போய் எறங்கினா ஸ்கூல் இல்ல, ஒரு வில்லாக்குள்ள நடக்கிற டியூஷன் சென்டர். ரெண்டு மாசம் ட்ரையல், அப்புறம் தான் விசா, அது வரைக்கும் சாப்பாடும் ஒரு பெட்டும் தான்னு சொல்லிருக்காங்க. சரி பொறுத்துப்போம்னு இருந்திருக்கா. விசா நாள் முடிஞ்சதுக்கப்புறம் ஒரு நாளைக்கு 50 திர்ஹம் ஃபைன் ஏற ஆரம்பிச்சதும் அந்த ஏஜென்ட் போனே எடுக்கல. அம்மாவோட செயின அடகு வச்சு ஃபைனையும் டிக்கெட்டையும் கட்டி ஊருக்கு கொண்டு வந்தாங்க. புகார் குடுக்கவும் அவளுக்கு பயம், ஏன்னா விசிட் விசால வேலை பாத்தது அவளும் தான்.

இந்த பேச்சு ஏன் எடுபடுதுன்னா அதுல பாதி உண்மை இருக்கு. நாட்டுக்குள்ள இருந்துகிட்டே விசா மாத்துற வழி சட்டப்படியே இருக்கு, ஹஸ்பண்ட் விசால இருக்கிற டீச்சர்ஸ் வேலைக்கு சேர்றதும் உண்டு. ஆனா வொர்க் பெர்மிட் இல்லாம ஒரு ஆள வேலை வாங்குனா முதலாளிக்கு 1 லட்சம் திர்ஹத்துலேர்ந்து 10 லட்சம் திர்ஹம் வரைக்கும் அபராதம்னு 2024ல சட்டத்த இறுக்கிட்டாங்க. டீச்சர்னா அதுக்கு மேல துபாய்ல கேஎச்டிஏ, அபுதாபில அடெக்னு கல்வித்துறை அப்ரூவல் வேற வேணும். ஒழுங்கான ஸ்கூல் உங்கள விசிட் விசால வரவச்சு கிளாஸ்ல நிறுத்தி இந்த வம்ப வெலைக்கு வாங்காது.

டிக்கெட் போடுறதுக்கு முன்னாடி என்ட்ரி பெர்மிட் பேப்பர், அதாவது வேலைக்குன்னு உள்ள வர்றதுக்கான அனுமதி, உங்க கைக்கு வரணும். அதுல ஸ்கூல் பேரும் உங்க வேலையும் சரியா இருக்கான்னு பாருங்க. ஆஃபர் லெட்டர் அமீரக தொழிலாளர் அமைச்சகத்தோட படிவத்துல இருந்தா அதுல இருக்கிற நம்பர அவங்க சைட்லயே போட்டு பாக்கலாம். துபாய்ல நம்ம இந்திய தூதரகத்தோட உதவி மையம் இருக்கு, அங்கயும் விசாரிக்கலாம். ரெண்டு நாள் பொறுத்து இத செய்ய விடாம "இன்னைக்கே டிக்கெட் போடணும்"னு அவசரப்படுத்தினா அந்த ஆள விட்டுடுங்க.

ஒண்ணுமே கேக்காத ஏஜென்ட்ட ஈஸின்னு நெனைக்கிறது

உண்மையான டீச்சர் வேலைல அலைச்சல் அதிகம். டெமோ கிளாஸ் எடுக்க சொல்லுவாங்க. போலீஸ் கிளியரன்ஸ் சர்டிபிகேட் கேப்பாங்க. டிகிரிய மாநில அரசு, வெளியுறவு அமைச்சகம், அமீரக தூதரகம்னு வரிசையா அட்டஸ்ட் பண்ணனும், அதுக்கே வாரக்கணக்குல ஆகும். வெறும் அப்போஸ்டில், அதாவது நம்ம வெளியுறவு அமைச்சகம் குடுக்கிற சான்று மட்டும், அமீரகத்துக்கு பத்தாது, அது தெரியாம காசு கட்டினவங்க நிறைய. வாட்ஸ்அப்ல பத்து நிமிஷம் பேசிட்டு "செலக்டட்"னு சொன்னா, பசங்க முன்னாடி நிக்கப்போற ஆள பத்தி அந்த ஸ்கூலுக்கு அக்கறையே இல்லையான்னு யோசிங்க.

ஒரிஜினல் சர்டிபிகேட்ட ஏஜென்ட் கையில குடுக்கிறது

குடுக்காதீங்க.

ரசீது இல்லாம பணம்

பதிவு பண்ண ஏஜென்ட் வாங்கலாம்னு நம்ம அரசு வச்ச உச்சவரம்பு 30,000 ரூபா, 18 சதவீத ஜிஎஸ்டி சேத்து 35,400. அதுக்கும் ரசீது உண்டு. அமீரக சட்டமோ ஆளெடுக்கிற செலவ வேலைக்கு வர்றவங்க தலைல கட்டவே கூடாதுங்குது. ஒன்னரை லட்சம், ரெண்டு லட்சம்னு ஜிபேல அனுப்ப சொன்னா பேச்ச அதோட நிறுத்திடுங்க.

ஸ்கூலுக்கு போன் பண்ண கூச்சப்படுறது

"ஏஜென்ட் கோச்சுப்பாரோ"ன்னு கேக்குறாங்க. கோச்சுக்கட்டும். ஸ்கூல் நம்பர அவர்கிட்ட வாங்காம நீங்களே ஸ்கூலோட சைட்ல தேடி எடுங்க, ஹெச்ஆர்ல குடுக்க சொல்லி, இந்த பாடத்துக்கு இந்த ஏஜென்சி மூலமா ஆளெடுக்கிறீங்களான்னு ஒரு கேள்வி.

ஏஜென்ட்டே வேணாம்னு தோணுச்சுன்னா தமிழ்நாடு அரசோட ஓவர்சீஸ் மேன்பவர் கார்ப்பரேஷன் 1978லேர்ந்து இருக்கு, அதுல பதிஞ்சு வைங்க. ஏற்கனவே பணம் குடுத்து மாட்டிக்கிட்டவங்க சாட்டையும் டிரான்ஸ்ஃபர் ஸ்கிரீன்ஷாட்டையும் அழிச்சிடாம எடுத்துக்கிட்டு சென்னைல இருக்கிற புரொடெக்டர் ஆஃப் எமிகிரன்ட்ஸ் ஆபிஸ்ல (வெளிநாட்டு வேலைக்கு போறவங்களுக்கான மத்திய அரசு ஆபிஸ்) புகார் குடுங்க, லோக்கல் போலீஸ்லயும் குடுங்க. வீட்ல திட்டுவாங்கன்னு மறைச்சு வச்சு நாள கடத்தாதீங்க, அந்த ஆள் அதுக்குள்ள ஆபிஸ காலி பண்ணிட்டு போயிடுவாரு.