காராமணியை விண்வெளிக்கு அனுப்ப நினைப்பவர்களுக்கு

2024 டிசம்பர் 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய பி.எஸ்.எல்.வி. சி60 ராக்கெட்டின் கடைசி அடுக்கில், மூடிய பெட்டிக்குள் 8 காராமணி விதைகள் போயின. நாலு நாளில் முளையும் விட்டன. அப்போதிருந்து எங்கள் தாவரவியல் ஆய்வகத்தில் "நாமும் இப்படி ஒன்று செய்யலாமா சார்?" என்ற கேள்வி ஓயவில்லை. தாராளமாகச் செய்யலாம். ஆனால் முதலில் யோசிக்க வேண்டியது தண்ணீரைப் பற்றி.

இங்கே ஊற்றிய தண்ணீர் வடிந்துவிடும். அங்கே வடியாது, பரப்பு இழுவிசையால் வேரைச் சுற்றி உருண்டையாக ஒட்டிக்கொள்ளும். வேருக்கு மூச்சு முட்டும். சூடான காற்று மேலே போகாது என்பதால் இலை விட்ட ஈரம் இலை மேலேயே நிற்கும். சர்வதேச விண்வெளி நிலையத்தில் 2015 கடைசியில் வளர்த்த ஜின்னியா செடிகளில் பூஞ்சை பிடித்தது இப்படி ஈரம் தேங்கித்தான். ஆகவே பெட்டிக்குள் சின்ன மின்விசிறி கட்டாயம். விதையும் ஏவும்வரை காய்ந்தே இருக்கட்டும். ஊறப்போட்டு அனுப்பினால் ஏவுதளத்திலேயே முளைத்துவிடும்.

சரி, ராக்கெட்டில் இடம் கிடைக்கும்வரை? கிளினோஸ்டாட் செய்யுங்கள்; செடியை மெதுவாகச் சுற்றிக்கொண்டே இருக்கும் கருவி அது. நிமிடத்துக்கு இரண்டு மூன்று சுற்று சுற்றும் 12 வோல்ட் கியர் மோட்டார் சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும். 100 மில்லி தண்ணீருக்கு 1 கிராம் அகர் (ஜெல்லி செய்ய வாங்கும் கடல்பாசியேதான்) காய்ச்சிப் பெட்ரி தட்டில் ஊற்றி, இறுகியதும் ஊறிய விதைகளை நடுப்பகுதியில் பதியுங்கள். தட்டைச் செங்குத்தாக நிறுத்தி, மோட்டாரின் தண்டு படுக்கைவாட்டில் இருக்கும்படி மாட்டுங்கள். வேர்நுனியில் உள்ள மாவுமணிகள் கீழே படிந்துதான் வேருக்குத் திசை தெரிகிறது. சுற்றும்போது "கீழே" மாறிக்கொண்டே இருப்பதால் வேர் கண்டபடி போகும். புவியீர்ப்பு என்னவோ அப்படியே இருக்கிறது; வேரை ஏமாற்றுகிறோம், அவ்வளவுதான்.

இதில் பலர் கோட்டை விடுவது ஒப்பீட்டுத் தட்டில். அசையாமல் செங்குத்தாக நிற்கும் தட்டு ஒன்று போதாது. அதே மாதிரி மோட்டாரில், தண்டை நிமிர்த்தி வைத்துச் சுற்றும் இன்னொன்றும் வேண்டும். இல்லாவிட்டால் வேர் கோணியது மோட்டார் அதிர்வாலா, திசை தெரியாததாலா என்று யார் சொல்வது?

அப்புறம், மோட்டாரை இன்வெர்ட்டரில் மாட்டுங்கள். கரண்ட் போய் அரை மணி நேரம் நின்றாலே வேர் கீழ்ப்பக்கம் எது என்று கண்டுபிடித்துவிடும். அந்தத் தட்டைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.