ஆடித் தள்ளுபடியா? லேபிளைத் திருப்பிப் பாருங்கள்

பெங்களூரு சிக்பேட்டையிலோ கமர்ஷியல் ஸ்ட்ரீட்டிலோ துணி எடுக்கும்போது, எம்ஆர்பி மேல் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் லேபிளை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அடியில் 999, மேலே 1,799 என்றிருந்தால், '40% தள்ளுபடி' போகவும் 1,079 ரூபாய். பழைய விலையைவிட 80 ரூபாய் கூடுதல்! விலையை ஏற்றி ஸ்டிக்கர் ஒட்டச் சட்டத்தில் இடமில்லை.

'50% + 20%' என்பது 70 இல்லை, 60தான்: 1,000 ரூபாய் 500 ஆகி, அதில் 20% போக 400. 'இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்' உருப்படிக்கு 33% வரும், அதுவும் மூன்றும் தேவைப்பட்டால்தான்.

கடைக்காரரே கையால் விலை எழுதிய புடவைக்குச் சதவீதக் கணக்கே வேண்டாம். அதே ரகத்தைப் பக்கத்துக் கடையில் விசாரியுங்கள்.

எம்ஆர்பியில் வரியெல்லாம் அடக்கம். தள்ளுபடி விலைமேல் ஜிஎஸ்டி தனியாகப் போட்டால் பில்லோடு தட்டிக் கேளுங்கள். மசியாவிட்டால் நுகர்வோர் உதவி எண் 1915.