'பேச்சு மட்டும் எனக்கு வராது': ஜெர்மன் படிப்பவர்கள் செய்யும் தவறுகள்

கோதே நிறுவனத்தின் பி1 (இடைநிலை) ஜெர்மன் தேர்வுக்குத் தயாராகிறவர்கள் அடிக்கடி சொல்வது இது: "எழுதிடுவேன், பேச்சுதான் வராது." இப்படிச் சொல்கிறவர்களில் பலர் சுமாராகவாவது பேசிவிடுகிறார்கள். பயம் வந்தால் முதலில் கெடுவது நம்மை நாமே எடைபோடும் தராசு.

1997-இல் வெளியான ஆய்வொன்றில், மொழி ஆய்வாளர் மெக்கின்டயர் குழுவினர் கனடாவில் பிரெஞ்சு கற்ற 37 பேரிடம் இதைச் சோதித்தார்கள். பதற்றம் உள்ளவர்கள் தங்கள் திறமையைக் குறைத்தே மதிப்பிட்டார்கள்; பதறாதவர்கள் கூட்டி மதிப்பிட்டார்கள். ஆகவே உங்களுக்கு நீங்களே போட்டுக்கொள்ளும் மதிப்பெண்ணை நம்பி அடுத்த நிலைக்குப் போவதைத் தள்ளிப்போடாதீர்கள். ஆசிரியரைக் கேளுங்கள்.

சரி, பேச்சைப் பதிவுசெய்து கேட்டால் உண்மை தெரியுமே? அதிலும் ஒரு சிக்கல். 2002-இல் வெளியான கிரெகர்சன், ஹார்விட்ஸ் ஆய்வில் மாணவர்களுக்கு அவரவர் பேசிய வீடியோவையே போட்டுக் காட்டினார்கள். பயந்தவர்கள் கண்ணுக்குத் தங்கள் பிழைகள் இருப்பதைவிட அதிகமாகத் தெரிந்தன. அதனால் முதல்முறை கேட்கும்போது, சொல்ல வந்தது புரிகிறதா என்று மட்டும் பாருங்கள். இரண்டாம் முறை ஒரே ஒரு வகைப் பிழையைத் தேடுங்கள், போதும்.

அடுத்தது, பாதி வாக்கியத்தில் நின்றுவிடுவது. 'போனேன்' என்பதற்கு 'இஷ் ஹாபே கெகாங்கன்' என்று வந்துவிடும். இந்த வினைக்குத் துணைவினை 'ஹாபே' அல்ல, 'பின்' என்று உடனே உறைக்கும். "ஸாரி" சொல்லி முதலிலிருந்து தொடங்குவோம், மறுபடி தடுக்கும், முகம் சிவக்கும். கேட்டவருக்கு முதல்முறையே புரிந்துவிட்டது! 'பின்' என்று திருத்திவிட்டு மேலே போங்கள்.

மனப்பாடம் ஓரளவுக்குத்தான் கைகொடுக்கும். பேச்சுத் தேர்வில் தலைப்பைப் பற்றிப் பேசும் பகுதியை ஒப்பித்துவிடலாம். இருவர் சேர்ந்து திட்டமிடும் பகுதியில் எதிரில் இருப்பவர் "சனிக்கிழமை எனக்கு முடியாது" என்றால் உருப்போட்டதெல்லாம் வீண். அவர் சரளமாகப் பேசுகிறாரே என்று சுருங்கவும் வேண்டாம். மதிப்பெண் அவரவர்க்குத் தனித்தனி.

இலக்கணம் முழுதாக வந்தபின் பேசலாம் என்று காத்திருப்பவர்களும் உண்டு. 'வைல்' ('ஏனென்றால்') போட்ட வாக்கியத்தில் வினை கடைசியில் வரும் என்று பயப்படுகிறார்கள். தமிழில் வினையைக் கடைசியில்தானே வைக்கிறோம்?

இன்னொன்று, முழுத் தேர்வின் நான்கு பகுதிகளும் (வாசிப்பு, கேட்டல், எழுத்து, பேச்சு) தனித்தனியாக 100-க்கு. தேற 60 வேண்டும். பேச்சில் மட்டும் தவறினால், அதை மட்டும் திரும்ப எழுதலாம், அதாவது பேசலாம்.